முடி முளைத்த படகு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் ஜெல்மர் அவர்களுக்கு,

ஸ்நேக் நகரிலிருந்து உன் அக்காள் புருஷன் டௌவே எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா ஆல்த்யேவும் உயிரோடு இருக்கிறோம். இதை ஒப்புக்குச் சொல்லும் நலச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் என் விஷயத்தில் அது நிச்சயமில்லாமல்தான் இருந்தது. அங்கே ரோட்டர்டாமில் உன் முழங்கால், நாய், தக்காளிச் செடிகள் யாவும் சுகமென்று நம்புகிறேன்.

நிற்க. உன் மருமகள், எங்கள் பெண் ஹிஸ்கே கல்லூரியில் கட்டுமானம் படிக்கிறாள் அல்லவா, அவர்களுக்குள் ஒரு போட்டி, கான்கிரீட்டில் படகு செய்து கால்வாயில் துடுப்புப் போட வேண்டும். நான் ஆயுசு முழுக்கப் பாலக் காவலாளியாக இருந்தவன், படகு வந்தால் பாலத்தைத் தூக்குவேன், போனால் இறக்குவேன், இரண்டில் எது கான்கிரீட்டில் இருக்கணும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நம்ம வீட்டு கராஜில்தான் வேலை. போய்ப் பார்த்தால் படகு அச்சின் மேல் விரல் கனத்துக்குக் கான்கிரீட்டைப் பூசிக்கொண்டிருக்கிறாள், உள்ளே ஒரு கம்பி இல்லை. "கம்பி எங்கம்மா?" என்றேன். ஒரு பையைத் திறந்து கைநிறைய அள்ளிக் காட்டினாள், வெள்ளை வெளேரென்று முடி! "என்னடி இது, உங்கம்மா சீப்புல இருந்து எடுத்தியா?" என்றேன். "செயற்கை இழைதான்ப்பா. கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும், இழுத்தா விட்டுடும். விரிசல் விழத்தான் செய்யும். விழுந்தா இந்த இழைங்க ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கும், வாயைப் பிளக்க விடாது" என்றாள். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தை நம்பவில்லை.

அடுத்த கூத்து உன் அக்காவுடையது. சனிக்கிழமை என்றால் அவள் வாசல், ஜன்னல், எதிர்வீட்டுக்காரன் வாசல் வரைக்கும் தேய்க்கிறவள் என்று உனக்குத் தெரியும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, படகு காய்ந்து நிற்கிறது, உடம்பெல்லாம் பொடிப்பொடியாக இழை நீட்டிக்கொண்டு. "ஊரே வந்து பாக்கப் போகுது, இது தாடியோடவா போகும்?" என்று பச்சைச் சோப்பைக் குழைத்துப் பூசி, என்னுடைய சவரக் கத்தியை எடுத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் மழித்துவிட்டாள் மச்சான்! ஹிஸ்கே வந்ததும் வீடு ரெண்டாகப் போகிறது என்று நான் கொல்லைப்புறம் நழுவிவிட்டேன். பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "வெளிய நீட்டிட்டிருக்கிறது சும்மாம்மா, உள்ள இருக்கிறதுதான் வேலை செய்யுது" என்றாள். "அப்ப நான் செஞ்சது தப்பில்லல்ல?" என்று உன் அக்காவுக்கு ஒரே பெருமை. கத்தி போனது போனதுதான்.

போட்டிக்கு முந்தின நாள், கூடத் துடுப்புப் போட வேண்டிய ரூர்ட் பையன், ஒரு கையில் சர்க்கரை ரொட்டியோடு சைக்கிள் ஓட்டி விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். ரொட்டி தப்பித்தது. படகில் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். ஹிஸ்கே என்னைப் பார்த்தாள். "வேற யாரையாவது பாரும்மா" என்றேன். "ஒரு வருஷ உழைப்புப்பா. மூழ்கினா மூழ்கிட்டுப் போகட்டும். ஆனா நீங்களே ஏற மாட்டேன்னா, நான் கட்டுறதை வேற யாரு நம்புவா?" என்றாள். கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்கு. ஏறினேன்.

கண்ணாடியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு முன்னால் நான், பின்னால் அவள். தள்ளிவிடும்போதே கரைக்கல்லில் 'டக்' என்று ஒரு இடி. பாலத்து மேலிருந்து என் பழைய கூட்டாளி சிப்கே கத்துறான், "டேய் டௌவே! பாலத்தைத் தூக்கணுமா, இல்ல உன்னையத் தூக்கணுமா?" நான் குனிந்து பார்க்கிறேன், என் முழங்காலுக்கு முன்னால் கறுப்பாக, மெலிசாக ஒரு விரிசல்! ஐயோ, போச்சு என்று நினைத்தேன். பக்கத்துப் படகு அதே நேரம் சடசடவென்று ரெண்டாகப் பிளந்து, அதிலிருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நீந்திப் போகிறார்கள். நான் துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அகலவே இல்லை மச்சான்! திரும்புகிற இடத்தில் படகு முறுக்கிக்கொண்டது, அப்போதும் அகலவில்லை. விரலால் சுண்டினால் பறக்கிற முடி, கல்லை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறதே, இது என்ன அதிசயம்! தேவாலயத்தில்கூட நான் அப்படி ஒரு பக்தியோடு உட்கார்ந்ததில்லை. கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தோம், சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல்.

ஆகையால், "அப்படியே கல்லறைக் கல்லையும் அதே கலவையில் ஊத்திடுங்க" என்று நீ அனுப்பிய வாழ்த்து அட்டையை வாபஸ் வாங்கி, பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதவும். அந்த விரிசலைக் கண்ணால் கண்ட சாட்சி நான்.

கர்த்தர் உன் முழங்காலையும் நாயையும் காப்பாராக. உன் அக்கா அன்பு சொல்லச் சொன்னாள், காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாளாம்.

இப்படிக்கு,
பாசமுள்ள டௌவே

பின்குறிப்பு: விரிசல் எவ்வளவு நீளம் என்று உனக்கு எழுதலாமே என ஹிஸ்கேயைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். "எந்த விரிசல்?" என்றாள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது பென்சில் கோடு. இருக்கை வைக்க அவள் போட்டதாம். "அப்ப விரிசலே விழலையா?" என்றேன். படகைக் கவிழ்த்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கிடக்கிறது! 'டக்' சத்தம் கேட்டபோதே அவளுக்குத் தெரியுமாம். "ஏன்டி சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பீங்க, கவுந்திருப்போம்" என்றாள். "பயமா இல்லையா உனக்கு?" என்றேன். "செத்தேன்னுதான் நெனச்சேன்ப்பா. கணக்கெல்லாம் மறந்தே போச்சு. அப்புறம் உங்க முதுகைப் பாத்தேன். கொஞ்சம்கூட அசையல. அப்பாவே இவ்ளோ நம்பி உக்காந்திருக்காரு, நமக்கென்னன்னு துடுப்புப் போட்டேன்" என்றாள். நான் ஏன் அசையவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து, மச்சான், அது அவளுக்குத் தெரிய வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு.