ஓட்டை அண்ணனின் ஒற்றைக் கார்

கொடைக்கானலுக்கு வெயிலுக்குப் பயந்து வருகிறவர்கள் ஆயிரம் பேர். எடைக்குப் பயந்து வாழ்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். நாயுடுபுரத்தில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் அவரை ஊரே ஓட்டை அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் பந்தயக் கார் செய்தவர்கள், எடையைக் குறைக்க பெடலிலும் கைப்பிடியிலும் வரிசையாகத் துளை போட்டிருக்கிறார்கள். அண்ணன் இதை எங்கோ படித்துவிட்டார். அன்று எடுத்த டிரில்லை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் கணக்கெடுத்தவரை அவர் ஓட்டை போட்டவை: ஜீப்பின் கிளட்ச் பெடல், எல்லா ஸ்பேனர்களும், வீட்டுச் சாவி, பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பு, குழம்புக் கரண்டி. கடைசியானதை மட்டும் மதினி மன்னிக்கவே இல்லை.

"கரண்டியில ஓட்டையப் போட்டுட்டு, ரசம் ஊத்துன்னு வந்து உக்காந்தா நான் எதுல ஊத்த?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

"ரசத்தக் கெட்டியா வையி" என்றார் அண்ணன்.

சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. தூண் பாறையை மேகம் மறைத்துவிட்டால் மற்ற டிரைவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். அண்ணன் மகிழ்ச்சியாகப் பாடம் ஆரம்பிப்பார். முதலில் எஞ்சின் முன்னால் இருந்தது, பிறகு எப்படி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது. விமானத்தில் இருந்த டிஸ்க் பிரேக் எப்படிக் காருக்கு வந்தது. வேகம் கூடக் கூட கார்கள் ஏன் தரையை விட்டு எழும்பப் பார்த்தன. புதுமணத் தம்பதி ஒன்று மேகம் விலகிய பிறகும் பாறையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். மாப்பிள்ளை போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனான் என்று அண்ணன் சொல்வார்.

இவ்வளவு பைத்தியத்துக்கும் காரணம் பட்டறையின் பின்பக்கத்தில் நின்ற ஒரு கார். காபி எஸ்டேட் எஞ்சினியர் ஒருவர், வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களைப் பார்த்து, மெல்லிய இரும்புக் குழாய்களைச் சட்டமாகப் பற்றவைத்து, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி, பழைய டாக்ஸி எஞ்சினைப் பின்னால் வைத்துச் செய்தது. புரோட்டோடைப் என்றால் என்ன என்று கேட்டால் அண்ணன் சொல்வார்: "ஒண்ணே ஒண்ணு செய்வாங்க தாயி. ஓட்டிப் பாப்பாங்க. எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அடுத்ததச் செய்வாங்க. இவருக்கு அடுத்தது செய்ய ஆயுசு இல்ல."

எஞ்சினியர் போன பிறகு, அவர் மகளான டாக்டரம்மா காரை அண்ணனிடம் விட்டிருந்தார். பதினான்கு வருடம் அண்ணன் அதைத் தட்டி, துடைத்து, ஓட வைத்தார். அப்போதுதான் ஒரு ஹோட்டல்காரர் டாக்டரம்மாவிடம் காரைக் கேட்டார். புல்வெளியில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்தக் குழிக்குள் டேலியாப் பூ வளர்ப்பாராம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம்.

டாக்டரம்மா நியாயமானவர். ஒட்டன்சத்திரத்தில் பழைய வாகனக் கண்காட்சி வருகிறது. அங்கே மைதானத்தை ஒரு முழுச் சுற்று தானாக ஓடி வந்துவிட்டால் கார் அண்ணனுக்கு, இல்லையென்றால் ஹோட்டலுக்கு என்றார்.

சின்ன வயதிலிருந்தே அண்ணனின் பாடத்தைக் கேட்டு வளர்ந்த நான், மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து, வண்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்து நாற்பத்தோரு வரியில் பட்டியல் எழுதினேன். டயர் காற்று முதல் பேட்டரி நட்டு வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்தோம். காய்கறி லாரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றினோம்.

"என்னண்ணே, வெறும் தகரமால்ல கெடக்கு. வளைவுல பறந்துறாதுல்ல?" என்றார் லாரி டிரைவர். அண்ணனுக்கு யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. வழியெல்லாம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மலை மேல் குயிலாகக் கூவிய எஞ்சின், மைதானத்தில் இருமியது. சுட்டது. கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என்று எதிர்த்துத் துப்பியது. இரண்டடி நகர்ந்து நின்றது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம்.

கொடைக்கானலில் காற்று மெலிசு. அதற்குத் தகுந்தபடி பெட்ரோலும் குறைவாகப் போக, காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரில் சின்னத் துளை உள்ள ஜெட்டைப் பொருத்தியிருந்தோம். சமவெளியில் காற்று கனம். பெட்ரோல் மட்டும் அதே கொஞ்சம். மலையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் காற்று என்பது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. நாற்பத்தோரு வரியிலும் அது இல்லை.

"ஊரெல்லாம் ஓட்ட போட்டேன் தாயி. போட வேண்டிய எடத்துல போடலையே" என்றார். அந்த ஜெட்டைத் துளைக்கும் ஊசி டிரில் பட்டறையில் கிடந்தது.

ஒரு வழி இருந்தது. கார்புரேட்டர் வாயை ஈரத் துணியால் பாதி மூடினால் காற்று குறையும், கலவை சரியாகும். ஆனால் கார் ஓடும்போது யாராவது துணியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வகைக் கார்களுக்கு இரண்டு சீட் வேண்டும் என்று பந்தய விதி ஒன்று உண்டு. விதிக்காக வைத்த சீட்; பந்தயத்தில் அதில் யாரும் உட்கார்வதில்லை. அண்ணன் ஓட்ட, அதில் நான் உட்கார்ந்தேன். உடம்பைத் திருப்பி, பின்னால் கையை நீட்டி, துணியால் மூடினேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாதிச் சுற்று. முக்கால் சுற்று. கூட்டம் கை தட்டியது. அப்போது ஒருமுறை எதிர்த்துத் துப்பியதில் துணி பொசுங்கி, என் விரல் சுட்டது. நான் கையை எடுக்கவில்லை. எப்படித்தான் பார்த்தாரோ, அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"ஓட்டுங்கண்ணே, இன்னும் கொஞ்சந்தான்."

"கைய எடு."

"அண்ணே, டேலியாப் பூ."

"கைய எடுங்கேன்ல."

காரை நடு மைதானத்தில் அப்படியே போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடி ஓடினார். திரும்பி வந்து என் விரலில் ஊற்றியபடியே, நடந்து வந்த டாக்டரம்மாவிடம் தலை நிமிராமல் சொன்னார்: "புள்ள கை சுட்டுருச்சுங்க. சுத்து முடியல. ஹோட்டல்காரவகளுக்கே குடுத்துருங்க."

டாக்டரம்மா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு காரின் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பாவா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டாரு. அதனாலதான் சொல்றேன், நீங்களே வச்சுக்கங்க."

என் நடுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் லேசாகத் தெரிகிறது. வருடா வருடம் மங்கிக்கொண்டே வருகிறது; அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.