இருபது எழுத்துப் பூட்டு

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இதுவரை வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சோபா வந்தது, கேட்கவில்லை. சோபா போனது, கேட்கவில்லை. போகும்போது அதில் நான் உட்கார்ந்திருந்ததால், எழுந்திருக்க மட்டும் சொன்னார்கள்.

ஆகவே போன வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. சத்திரம் மாதிரி திறந்து கிடந்தது. தெருவில் பாதிப் பேர் எங்கள் நெட்டில்தான் படம் பார்த்தார்கள். அதற்கு என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டுவது. பாஸ்வேர்டை நான் மட்டும் வைத்துக்கொள்வது. ஒரே ஒரு தடவையாவது என் மனைவி என் முன்னால் வந்து நின்று, "என்னங்க, சொல்லுங்களேன்" என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, இருந்ததிலேயே உசத்தியான என்கிரிப்ஷனைப் போட்டேன். பாஸ்வேர்டு இருபது எழுத்து. நடுநடுவே நட்சத்திரம், கேள்விக்குறி. எனக்கே மனப்பாடமாக அரை நாள் ஆயிற்று.

"நெட்டைப் பூட்டிட்டேன்," என்றேன்.

"நல்லதுங்க."

"பாஸ்வேர்டு இல்லாம இனிமே ஒரு ஈ கூட உள்ள வர முடியாது."

"ரொம்ப நல்லது."

"வேணும்னா என்கிட்ட கேக்கலாம்."

"யாராவது வந்தா சொல்றேங்க."

சரி, கேட்காமலா போய்விடுவாள்? கேட்கிற நேரத்தில் நான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறைக்குள் போய் நின்றேன். சும்மா நின்றால் சந்தேகம் வரும். பாத்திரம் தேய்த்தேன். சனிக்கிழமை வெங்காயம் நறுக்கினேன், மின்விசிறி துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேல் அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கிக் கழுவி ஏற்றினேன். கூடவே ஊர்க்கதை, ஆபீஸ் கதையெல்லாம் பேசினேன். அவள் கேட்டாள், சிரித்தாள். நடுநடுவே போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பாவம், நெட் இல்லாமல் பழைய போட்டோக்களைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் பாஸ்வேர்டை மட்டும் கேட்கவில்லை.

எனக்கும் ரோஷம் உண்டு. திங்கட்கிழமை ரூமைவிட்டு வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங். லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. இருபது எழுத்தையும் அடித்தேன். தப்பு என்றது. எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை அடித்தேன். அதே பதில். மேனேஜர் வருவதற்கு ஐந்து நிமிஷம். சமையலறைக்கு ஓடினேன்.

"நெட் வரலை."

"வருதே," என்று போனைத் திருப்பிக் காட்டினாள். வீடியோவில் அவள் தங்கை இருந்தாள். "என்ன அத்தான், பாஸ்வேர்டு தெரியலையா?" என்று விசாரித்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் மனைவியிடம்.

"நெட்டுக்குப் பாஸ்வேர்டு வச்சீங்க. செட்டிங்ஸுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கே, அதை மாத்தலையே. ரூட்டருக்கு அடியில அச்சடிச்சு ஒட்டியிருந்ததுதான் இன்னும் இருந்துச்சு. ஒயரைச் சொருகி உள்ள போனேன். உங்க இருபது எழுத்தும் வரிசையா தெரிஞ்சுது."

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதை எடுத்தாலும் திருப்பி அடிப்பக்கத்தைப் படிக்காமல் வைக்கமாட்டாள். நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

"எப்போ பார்த்தே?"

"வியாழக்கிழமையே. நீங்க மனப்பாடம் பண்ணிட்டிருந்தீங்க."

"இப்ப ஏன் மாத்தினே?"

அவள் குரல் தணிந்தது. "மூணு நாளா என் பக்கத்துலயே நின்னு பேசிட்டிருந்தீங்க. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நேத்து வரலை. வீடே வெறிச்சுன்னு இருந்துச்சுங்க. மாத்தினாலாவது வருவீங்கன்னுதான்."

பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மீட்டிங்காவது, மேனேஜராவது. "இனிமே தினமும் வரேம்மா," என்று வாக்குக் கொடுத்து, பாத்திரம் தேய்க்கிற நாரை நானே கையில் எடுத்தேன்.

"அக்கா, கடைசியா 'வீடே வெறிச்சுன்னு'னு சொன்னியே, அதை இன்னொரு தடவை மெதுவா சொல்லு, எழுதிக்கறேன்," என்றது போன்.