143ஆம் பக்கத்தில் விடுபட்ட 'பணி'

மரக்காணம்,
ஆகஸ்ட் 19

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் அச்சகத்தில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் பக்கம் அவ்வளவு நலமில்லை.

தாங்கள் வெளியிட்ட தமிழறிஞர்கள் தொகுப்பில், 143ஆம் பக்கத்தில், என் ஆய்வு நெறியாளர் பேராசிரியர் சித்தார்த்தன் ஐயாவைப் பற்றி எண்பது சொல்லில் எழுதியவள் நான். 'கடந்த மே 31இல் பணி நிறைவு எய்தினார்' என்று எழுதியிருந்தேன். ஓய்வு பெற்றார் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஒரு சொல் கூடிவிட்டதென்று தாங்கள் 'பணி'யை எடுத்துவிட்டீர்கள். அச்சுக்கு முன் சரிபார்க்க மெய்ப்பு வந்தபோதே பார்த்தேன். ஆனால் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், தங்கள் தமிழைத் திருத்துவதா என்று கூச்சமாக இருந்தது. 'நிறைவு எய்தினார்' என்பதுதான் தூய வழக்கு போலும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மகள் பெயர் அச்சில் வந்திருக்கிறதே என்று என் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார்; தேதியைக் கவனிக்கவில்லை. நான் நூலகம் போயிருந்த நேரத்தில், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பெரிய ரோஜா மாலையும் அந்தப் புத்தகமுமாக வானூருக்குப் பஸ் ஏறி ஐயா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஐயாவை அவர் முன்பின் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவரிடமே, "எப்பங்க எடுக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யார?"

"சித்தார்த்தன் வாத்தியாரத்தாங்க. எம்பொண்ணுக்குத் தெய்வம் மாதிரி. நீங்க அண்ணன் தம்பிங்களா?"

ஐயா புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, இருமுறை படித்துவிட்டு, "பதினோரு நூல்னு போட்டிருக்குது. நான் எழுதுனது பன்னெண்டு" என்றாராம். அவர் மனைவி அமுதவல்லி அம்மாள் மாலையை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, அப்பாவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இம்மாதம் 30ஆம் தேதிக்குள் நான் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தரின் மேசைமேல் தங்கள் தொகுப்பு இருந்தது.

"உங்க கைடு தவறிட்டாரேம்மா. வேற கைடு மாத்தணும், புதுசா பதியணும்."

"சார், அவர் இருக்காருங்க."

"இருக்காருன்னு எதுல இருக்குது? பிரிண்ட்ல காட்டு. போயிட்டாருன்னு பிரிண்ட்ல எழுதினதே நீதான!"

ஆறு வருட உழைப்பு. ஆகவே, பேராசிரியர் உயிருடன் இருக்கிறார் என்று ஒரு வரித் திருத்தத்தை அச்சிட்டு, 30ஆம் தேதிக்கு முன் கிடைக்குமாறு உடனே அனுப்பிவைக்கத் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தொகுப்பில் உள்ள மற்ற அறிஞர்கள் அனைவரும் நீடு வாழ வேண்டி,

பணிவுடன்,
பா. சத்யப்ரியா

பி.கு.: மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். திருத்தம் வேண்டாம். ஐயா பணியாற்றிய கல்லூரி, அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வைகூடப் போடாத கல்லூரி, இப்போது நினைவேந்தல் கூட்டம் வைத்திருக்கிறது. அவர் நூல்களைப் புரட்டியே பார்க்காத துறைத்தலைவர் இரங்கல் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். ஐயா அதைத் தினமும் படிக்கிறார். "உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தன் எழுதலியேம்மா. இப்படியே இருக்கட்டும், விட்டுடு" என்று சொல்லிவிட்டு, ஏப்ரல் 10 என்று தேதி போட்டு என் ஆய்வேட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். போவதற்கு முன்பே போட்ட கையெழுத்து என்று அலுவலகத்தில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்தில் பேச என்னையும் அழைத்திருக்கிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. என் உரையை ஐயாவே எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்றுவரை பதினான்கு பக்கம்.