சிஸ்டர் என்று கூப்பிட்ட முறை

மயிலாடி
12-9-1953

மதிப்பிற்குரிய மைத்துனர் யேசுரத்தினத்துக்கு,

அக்காள் கணவன் நேசையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் உங்கள் அக்காள் தங்கபாயும் பசுவும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை. உங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை விட்டு, பிள்ளைகள் சளியில்லாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் தேவகனியைப் பற்றியது. கையெழுத்துப் போட்டு நர்ஸ் படிப்பில் சேர்த்தது நீங்கள்; ஆகவே நீங்களே வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவர வேண்டும்.

தன் மகனுக்கு அவளைச் சம்பந்தம் பேசி வைத்திருக்கிற குமாரதாஸ், வரப்போகிற மருமகள் வேலை எப்படியென்று பார்க்க வேண்டும் என்று என்னை நாகர்கோவிலுக்குப் படம் பார்க்க இழுத்துப் போனார். சபையார் கண்ணில் படக் கூடாதே என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தில் ஒரு நர்ஸ் வந்தாள். குதிகால் செருப்பு, நெற்றியில் சுருள்முடி. நோயாளி உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவள் டாக்டர் குழாயைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு பாடுகிறாள். கடைசிவரை ஒருத்தனுக்கு மருந்து கொடுத்தாளா, மலச்சட்டி எடுத்தாளா, கிடையாது. நம்ம பிள்ளை முதல் வருஷம் முழுக்க அதைத்தான் கழுவினாள், கை வெடிச்சுப் போச்சுன்னு தங்கபாய் அழுதாள். சரி, அதைப் பொறுக்கலாம். முதலிலிருந்து வாய்நிறைய "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்ட டாக்டர், முடிவில் அவளுக்கே தாலி கட்டினான். குமாரதாஸ் கொட்டகையிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"ஓய் நேசையன், கூடப்பெறந்தவள்னு கூப்பிட்டுட்டு தாலி கட்டுதான், பாத்தீரா? முறை கெட்ட வேலையில்லா இது. பிள்ளையை நிறுத்தும். இல்லேன்னா சம்பந்தத்தை நிறுத்தும்."

எனக்கு ஒரே மகள். கல்யாணம் நின்றுபோன பிள்ளை என்று பேர் வந்தால் கோயிலில் எந்த பெஞ்சில் போய் உட்காருவேன்? அவள் அழுவாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் கூட்டி வந்துவிடுங்கள்.

தேவசமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக.

நேசையன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன் குமாரதாஸுக்குக் குடலிறக்கம் முற்றி, அதே ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். மலச்சட்டி எடுத்து, வாய் நனைத்து, கூடவே இருந்தது நம்ம தேவகனி. காய்ச்சலில் ஆள் அடையாளம் தெரியாமல், "சிஸ்டர், சிஸ்டர்" என்று மனுஷன் அவள் கையை விடவில்லையாம். நேற்று நான் போனபோது அவருக்குத் தெளிந்திருந்தது. இந்தப் பிள்ளைதான் மருமகள், அடுத்த மாசமே கல்யாணம் என்று அழுதார். தேவகனி அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நீங்க என்னைய சிஸ்டர்னு கூப்பிட்டாச்சு. இனி உங்க மவனுக்கு நான் அத்தையில்லா? படிப்பு முடியட்டும், முறையைப் பொறவு பாப்போம்."

குமாரதாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். கவர் வாங்கிவிட்டபடியால் கடிதத்தை அனுப்புகிறேன். அவளுடைய அடுத்த வருஷப் படிப்புத் தாளில் உங்கள் கையெழுத்தும் வேண்டாம், நானே போட்டுவிட்டேன்.