அம்மாவின் வாக்கரை அப்பா அறுத்த விதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் கடிதம்.

நீங்கள் அனுப்பிய அலுமினிய வாக்கர் வந்தது. அம்மாவுக்கு உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது, இனியும் எழுந்து நடக்காவிட்டால் கால் அப்படியே முடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அன்றே கட்டிலருகே நிறுத்தினோம். அம்மாவின் நெஞ்சுவரை வந்தது. அப்பாதான் தச்சராயிற்றே, "இதுக்கென்ன, நாலு காலையும் அறுத்தாப் போச்சு" என்று பட்டறைக்குத் தூக்கிப் போனார். "அது மரம் அறுக்கிற பிளேடுப்பா" என்றேன். "பல்லு கார்பைடு. அலுமினியம் அதுக்கு வெண்ணெய் மாதிரி. நீ போய்ப் படிம்மா" என்றார். குழாய் நசுங்காமலிருக்க உள்ளே கட்டை செருகினார், அலுமினியம் ஒட்டாமலிருக்க ரம்ப மிஷின் பிளேடில் மெழுகுவர்த்தி தேய்த்தார், எல்லாம் சரிதான், கண்ணாடி மட்டும் போடவில்லை. சுடச்சுடத் தூள் பறந்து ஒரு கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. பட்டறையில் ஆடாமல் நின்றது அறைக்கு வந்ததும் ஆடியது. ஒரு காலை அறுத்தார், மற்றது ஆடியது, அதையும் அறுத்தார். பட்டறைத் தரை ஒரு மூலையில் உள்வாங்கியிருப்பது பிறகுதான் தெரிந்தது. "அதான் இவர் செஞ்ச மேசைக்கெல்லாம் ஊரே காகிதம் மடிச்சு வைக்குது" என்றாள் அம்மா. அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான் மாமா. அதைப் பிடித்து எழுந்தாள், வாக்கர் சாய்ந்தது, விழுந்தாள், நெற்றியில் தையல். விழுந்தபடியே அவள் பிடித்திருந்த வாக்கர் காலில் ஏதோ குமிழ் அழுந்த, குழாய் தானாக உள்ளே போனது. குழாயில் வரிசையாக இருந்த, எடை குறைக்கப் போட்டது என்று அப்பா சொன்ன ஓட்டையெல்லாம் உயரத்தைக் குறைக்கத்தானாம். அறுத்திருக்கவே வேண்டாம். இப்போது அது முழங்கால் உயரம்.

அன்றிலிருந்து அம்மா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள், யாரோடும் பேச்சில்லை. அப்பா சாப்பிடுவதில்லை. நடக்காவிட்டால் கூட்டிப்போகிறேன் என்று சொன்னீர்களே, வந்து கூட்டிப் போங்கள் மாமா. இந்த வீட்டில் அவள் இனி எழமாட்டாள்.

அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: வர வேண்டாம். கவரை ஒட்டும்போது மிஷின் சத்தம். வாக்கர் குள்ளமானதற்கு ஏற்றபடி கட்டிலையும் குள்ளமாக்க அப்பா அறைக்குள்ளேயே ரம்பத்தைக் கொண்டுவந்துவிட்டார், அதுவும் அலுமினியக் கட்டில்தானே. "உங்க கையில கொள்ளியை வைக்க!" என்று ஒரு குரல். ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து சுவரைப் பிடித்தபடியே போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். திரும்பி நடக்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுகிறாள். பக்கத்தில் அப்பாவும்.