ரெண்டாம் பாகம்

தங்கப்பாண்டியன் சாப்பிட்டு முடித்துத் தட்டை அப்படியே விட்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து மனைவி மகாலட்சுமியின் குரல் வந்தது.

"அந்தத் தட்டக் கழுவி வச்சுட்டுப் போங்க."

"யாரு, நானா?"

"சாப்பிட்ட தட்ட அவுகவுக கழுவுனா பிரஷர் ஏறாதாம். விரல் நுனியில நரம்பு ஓடுதுல்ல? வீடியோவுல ஒரு டாக்டர் சொன்னாக."

தங்கப்பாண்டியனுக்குப் பிரஷர் உண்டு. கழுவினார். பக்கத்தில் மகள் ஓவியா போட்டுவிட்டுப் போன தட்டும் கிடந்தது. நரம்புக்கு நல்லதுதானே என்று அதையும் கழுவினார். பைக்கை எடுத்து மார்க்கையன்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் கோபம் வந்தது.

சின்னமனூரில் அவருக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடை. கடையைத் திறக்காமல் நேரே பக்கத்துப் பாத்திரக்கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் வைகுண்டராஜ் உட்கார்ந்திருந்தார்.

"வைகுண்டம், எம்பொண்டாட்டிய எவனோ மூளைச்சலவை பண்றான்."

"எவன்ண்ணே?"

"யூடியூப்காரன். மொதல்ல காப்பியில சீனியக் காணோம். பெறகு காப்பியவே காணோம். ஆம்பள எந்திரிச்சதும் அடுப்புகிட்ட நின்னா மூட்டு தேயாதாம். நானே போட்டுக் குடிக்கிறேன். இன்னைக்குத் தட்டு."

"மதினி சொந்தமா யோசிச்சுச் சொல்லியிருப்பாகளோ?"

"அவளா?" தங்கப்பாண்டியன் சிரித்தே விட்டார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ சொந்தமா ஒண்ணு சொல்லி நான் கேட்டதே இல்ல. எந்நேரமும் போனச் சாய்ச்சு வச்சுக்கிட்டு, காதுல ஒயர மாட்டிக்கிட்டுத்தான் சமைக்கிறா. எல்லாம் அதுல ஏத்தி விடுறாங்கே."

"கண்டத நம்பக்கூடாதுண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார், தினமும் வெறும் வயிற்றில் பூசணிச் சாறு குடிக்கும் தங்கப்பாண்டியன். பூசணி வேறு விஷயம். அதை வாட்ஸப்பில் அனுப்பியவர் ஓய்வு பெற்ற தாசில்தார்.

வைகுண்டராஜ் யோசித்தார். "வீடியோவுக்கு வீடியோதாண்ணே மருந்து. நம்மளும் ஒண்ணத் தேடிப் போட்டுக் காட்டுவோம்."

இருவரும் தேடினார்கள். திராட்சைத் தோட்டத்துக்குக் குழாய் ஜாயிண்டு வாங்க வந்த விவசாயி பூட்டிய கடை முன்னால் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். கடைசியில் கோட்டு போட்ட ஒருவர் அகப்பட்டார். மனைவி கையால் பரிமாறிச் சாப்பிடும் கணவனுக்கு ஆயுள் கூடும் என்று அவர் அடித்துச் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் தங்கப்பாண்டியன் தன் போனை மகாலட்சுமியின் முகத்துக்கு நேராக நீட்டினார். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் பார்த்தாள்.

"இத எப்பவோ பாத்துட்டேனே. ரெண்டாம் பாகம் நீங்க பாக்கலியா?"

"ரெண்டாம் பாகமா?"

"பரிமாறுறவ மொதல்ல சாப்பிட்டிருக்கணுமாம். பசியோட பரிமாறினா அது அப்படியே சோத்துல எறங்கி, சாப்பிடுறவுக ஆயுசக் கொறைச்சுருமாம்."

"அப்ப இம்புட்டு நாளு?"

"அதான் பிரஷர்" என்றாள் மகாலட்சுமி. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தங்கப்பாண்டியன் எதிரே காத்திருந்தார். அவள் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. நிதானமாகச் சாப்பிட்டாள். குழம்பிலிருந்து மீனின் நடுத்துண்டை எடுத்துக்கொண்டாள். மீனுக்கு நடுத்துண்டு என்று ஒன்று இருப்பதே தனக்காகத்தான் என்று நினைத்திருந்தவர் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் முழுக்க அந்த ரெண்டாம் பாகத்தைத் தேடினார். கோட்டுக்காரர் இருபது விதமாக வந்தார். ரெண்டாம் பாகத்தில் மட்டும் வரவில்லை. அழித்திருப்பார்கள் என்று வைகுண்டராஜ் சொன்னார். உண்மையைச் சொன்னால் விடமாட்டார்கள்தான் என்று தங்கப்பாண்டியனுக்கும் பட்டது. பட்டதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் நேராகவே சொல்லிவிட்டார். "இனிமே அடுப்படியில நீ போன் பாக்கக்கூடாது."

"நல்லதாப் போச்சு. அத வீடியோவுலயே சொல்லிட்டாக. அடுப்புச் சூட்டுல போன் வெடிக்குமாம். அதனால வாரத்துல ஒரு நாள் போன எடுத்துக்கிட்டு நான் இங்கன ஹால்ல உக்காந்துக்குறேன். ஞாயித்துக்கெழம."

"அன்னைக்குச் சோறு?"

"எங்கன எது இருக்குன்னு ஓவியாவுக்குத் தெரியும். ரெண்டு பேரும் பாத்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் உப்புமா கிண்டினார்கள். ஓவியா தேனியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தன் மகள் இவ்வளவு சிரிப்பாள் என்பதும், வேதியியலில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறாள் என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. உப்புமா அடிப்பிடித்தது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று வீரபாண்டியில் இருக்கும் அக்கா பஞ்சம்மாளுக்குப் போன் போட்டார். "நீ வந்து ரெண்டு வார்த்த சொல்லு. நீ சொன்னா அடங்குவா."

பஞ்சம்மாள் மறுநாள் சாயங்காலமே வந்தாள். வெற்றிலை, பாக்கு, பூவோடு வந்தாள். தம்பி எதற்குக் கூப்பிட்டார் என்பதை வரும் வழியிலேயே தன் வசதிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏலே தங்கம், ஓவியா கல்யாணத்தத் தையில வச்சுக்குவோம். எம்மகனும் ஒத்துக்கிட்டான். பொட்டப்புள்ள படிச்சு என்ன பண்ணப் போகுது? நம்ம வழக்கம் என்ன? நீ எம்புருசன் தங்கச்சியக் கட்டலியா? இல்ல, நம்ம ஆத்தா தன் மாமன் மகனக் கட்டலியா?"

தங்கப்பாண்டியன் திகைத்தார். உள் அறையில் ஓவியாவின் கைவளையல் சத்தம் நின்றுபோனது. மகாலட்சுமி காப்பியோடு வந்தாள்.

"மதினி, இப்படி அடுத்தடுத்து சொந்தத்துலயே கட்டுனா பொறக்குற பிள்ளைகளுக்கு நல்லதில்லையாம். வீடியோவுல ஒரு டாக்டரம்மா சொன்னாக. பொண்ணு படிப்ப முடிச்சு, வேலைக்கும் போயி, பெறகு தனக்குப் புடிச்ச எடத்துல கட்டுனாத்தான் அந்த வீட்டுல ஆம்பளைகளுக்கு நெஞ்சுவலி வராதாம்."

"எவடி அந்த டாக்டரு? நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் நெஞ்சுவலியிலயா செத்தாக?"

"ஆமாக்கா" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது தங்கப்பாண்டியனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. "தாத்தா நெஞ்சுவலி. அய்யாவும் நெஞ்சுவலி. எனக்கு இப்பவே பிரஷர். படிச்ச டாக்டரம்மா சும்மா சொல்லுவாகளா? ஓவியா வகுப்புலயே மொத மார்க்கு. அது படிக்கட்டும்."

பஞ்சம்மாள் காப்பியைத் தொடவில்லை. பூவை மட்டும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒம்பொண்டாட்டி ஒன்ன மூளைச்சலவை பண்ணிப்புட்டாளே!"

"அவ பாவம்க்கா. அவளையே யூடியூப்காரன் பண்ணி வச்சிருக்கான்!"

அக்கா ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். தங்கப்பாண்டியனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். தான் பேசியது சரி என்றுதான் மனசு சொன்னது. அதுதான் பயமாக இருந்தது. பார்க்காத வீடியோ ஒன்று தன் வாய் வழியாகப் பேசுகிறது என்றால், நாளைக்கு வேறு என்னென்ன பேசுமோ? ஓவியா ஓடி வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது அந்தப் பயம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. அவள் உள்ளே போனதும் திரும்ப வந்தது.

மகாலட்சுமி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு அருகில் பிரின்சியின் ரீசார்ஜ் கடை. மகாலட்சுமி எப்போதும் அங்கேதான் போடுவாள்.

"வாங்கண்ணே, அக்கா போனா? என்ன செய்யுது?"

"அதுல நெட்ட நிறுத்திரு தாயி. அடியோட நிறுத்திரு. அவளுக்குத் தெரிய வேணாம். அந்த டாக்டருகளால எங்குடும்பமே வேற மாதிரி ஆகிப்போச்சு."

பிரின்சி நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இதுல நெட்டு போட்டே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சேண்ணே. பேசுறதுக்கு மட்டுந்தான் போடுவாக. 'வீடியோவெல்லாம் பாக்க மாட்டீகளாக்கா'ன்னு நான் கேட்டதுக்கு, 'நான் சொன்னா வீட்டுல யாருத்தா கேக்குறாக, அதான் டாக்டர் பேரப் போட்டு நானே சொல்லிக்கிறேன்'னு சிரிச்சாகளே!"