ஏழாம் நம்பர் கிட்டும் செவன்டி சிக்ஸும்

பெங்களூர் மர்பி டவுன் இந்த உலகத்துக்கு எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறது. அவர்களில் பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன் செவன்டி சிக்ஸ் ஒருவன்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒன்றாக இன்ஜினீயரிங் படித்தோம். மைக்ரோப்ராசஸர் லேபில் ஆளுக்கொரு கிட் கொடுப்பார்கள். ஒரு பச்சைப் பலகை, கால்குலேட்டர் மாதிரி கொஞ்சம் பட்டன், விடை காட்டச் சின்னதாக ஒரு டிஸ்ப்ளே, அவ்வளவுதான். அதற்கு எண்ணும் எழுத்தும் கலந்த கோட் பாஷைதான் புரியும். அந்தப் பாஷையில் எழுபத்தாறு என்றால் ‘நில்’. கடைசியில் அதைப் போட மறந்தால் தொலைந்தோம். ப்ரோக்ராம் நிற்காமல், மெமரியில் கிடக்கும் குப்பையையெல்லாம் கட்டளை என்று நம்பி ஓடி, வந்த விடையையும் அழித்துவிடும்.

முதல் வாரமே இவன் அதை மறந்து, லேப் முழுக்கக் கேட்கும்படி திட்டு வாங்கினான். அன்றிலிருந்து வாயிலும் போட ஆரம்பித்தான், பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் கேட்கும்போது கூட.

“குரு, ரெண்டு டீ, ஒரு தில்பசந்த், செவன்டி சிக்ஸ்.”

இப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் பூகம்பமே வந்தாலும் பேச மாட்டான். ஒருநாள் பிரின்ஸிபால் வழிமறித்து ஏன் லேட் என்று கேட்டார். “பஸ் வர்ல சார், செவன்டி சிக்ஸ்” என்றான். அவர் அதை பஸ் நம்பர் என்று நினைத்து, பாவம் என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் ஒருநாளும் வாய்த்ததில்லை.

இன்னொரு கிறுக்கு, ஏழாம் நம்பர் கிட். அதில் ‘சி’ பட்டன் செத்துப்போய் ரொம்ப நாள். லேப் கதவு திறந்ததும் நல்ல கிட்டைப் பிடிக்க நாங்கள் ரேஷன் கடை மாதிரி முட்டி மோதுவோம். இவன் சாவகாசமாக வந்து ஏழாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து, “இன்னா, நல்லாக்கீறியா?” என்று அதை விசாரிப்பான். பக்கவாட்டில் இரண்டு தட்டு, ஒரு ஊது, அப்புறம் கட்டை விரல் நகத்தால் ஓர் அழுத்து. சி விழும்.

“அதுக்கும் மூடுன்னு ஒண்ணு இருக்கும்ல மச்சி?”

அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேறு அடிப்பான். பரீட்சையில் அப்படிச் சொன்னால் மற்றவர்களைக் காப்பியடிக்க விட்டதாகிவிடும் என்பதால், அன்றைக்கு மட்டும் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொள்வான்.

நான் அந்த லேபில் ஏற்கெனவே ஒருமுறை ஊத்திக்கொண்டவன். இன்னொரு முறை போனால் ஒரு வருஷம் காலி. “படிச்சு கிழிச்சது போதும், ஆம்பூருக்கு வந்து தோல் மண்டில உக்காரு” என்று அப்பா கெடு வைத்திருந்தார். பரீட்சை அன்று எந்தக் கிட் என்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஏழு. சனி பகவான் என் சீட்டைத் தனியாக மடித்து வைத்திருப்பார் போல.

பத்து எண்களை வரிசைப்படுத்த வேண்டும். சி இல்லாமல் ப்ரோக்ராம் திரும்பிச் சுற்றாது. முக்கால் மணி நேரம் அந்தப் பட்டனோடு மல்லுக்கட்டி ஒருவழியாக ஏற்றி முடித்தேன். எக்ஸாமினரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் கிட்டில் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும். திரும்ப வந்தபோது பதினைந்து நிமிஷம்தான் பாக்கி. எல்லோரும் முதலிலிருந்து தடதடவென்று அடிக்கிறார்கள். எனக்கு சி விழவில்லை. தட்டினேன், ஊதினேன், ம்ஹூம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து வரிசையில் இரண்டாம் நம்பர் கிட்டில் இருந்தவன் வாயிலிருந்து கைக்குட்டையை உருவினான்.

“சார், அது நன்ன கிட்டு சார்.”

என்னுடைய கிட் என்கிறான், கன்னடத்தில். எக்ஸாமினருக்கு ஒன்றும் புரியவில்லை. இவன் என் கிட்டையும் தன் கிட்டையும் மாற்றி மாற்றிக் காட்டினான்.

“கிட்டு மாத்திக்கலாம். ஆனா ஒரு நிமிஷம் கூட எக்ஸ்ட்ரா கிடையாது. ஆகுத்தா?”

“ஆகுத்தே சார், செவன்டி சிக்ஸ்.”

கைக்குட்டை மறுபடி உள்ளே போயிற்று. அந்த லேபில் அதுவரை ஒரு மார்க் கூட விடாதவன் அவன். நான் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்து அடித்து முடித்து ஓட்டினேன். பத்து எண்ணும் சமர்த்தாக வரிசையில் நின்றன. பக்கத்தில் தட்டும் ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது. “ஹேண்ட்ஸ் ஆஃப்” என்றார் எக்ஸாமினர். அவன் கிட்டை அவரே ஓட்டிப் பார்த்தார். அது நிற்கவில்லை. டிஸ்ப்ளேயில் குப்பை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான், கடைசி எழுபத்தாறுக்குத்தான் நேரம் இல்லை. வைவாவில் வாங்கிய மார்க்கை வைத்து மயிரிழையில் பாஸானான்.

கேன்டீனில் எதிரில் உட்கார்ந்தேன். “டேய், என்னாலதானே உனக்கு...”

“செவன்டி சிக்ஸ்.”

“இல்லடா, நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான்...”

“செவன்டி சிக்ஸ்னு சொன்னேன்ல? டீ ஆறுது, குடி.”

படிப்பு முடிந்து பிரிகிற அன்று பஸ் ஸ்டாண்டில் மறுபடி ஆரம்பித்துப் பார்த்தேன். அவன் கல்யாண மேடையில் மாலையோடு நின்றபோதும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் அதே பதில். மணப்பெண் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அவன் குறுக்கே பேச முடியாது. ரொம்ப நன்றிடா.